கனடாவில் நிதி, முதலீட்டு வேலை: எந்த நகரத்தில், எந்த உரிமத்தோடு, எப்படித் தேடுவது

நிதித்துறை வேலைக்காகக் கனடா வருகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். சொந்தக்காரர் இருக்கும் நகரத்தில் இறங்குகிறார்கள். யாரோ சொன்ன ஒரு பரீட்சைக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒரே ரெசுமேயை இருநூறு இடங்களுக்குத் தட்டிவிடுகிறார்கள். நமக்கு எந்த வேலை சரிப்படும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் நகரம் தானாகப் பிடிபடும். நகரம் தெரிந்தால் எந்த உரிமம் என்பது தெரியும். ரெசுமே அதற்குப் பிறகு.

முதல் படி: வேலையின் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘ஃபைனான்ஸ் வேலை’ என்று ஒரு வேலை கிடையாது. கனடாவில் இது நான்கு வெவ்வேறு சந்தை. வாடிக்கையாளரோடு நேரே பேசி விற்கும், ஆலோசனை சொல்லும் வேலை ஒன்று: வங்கிக் கிளை, மியூச்சுவல் ஃபண்ட், காப்பீடு, பங்குத் தரகு. பணத்தை எங்கே போடுவது என்று ஆராய்கிற வேலை இரண்டாவது: ஓய்வூதிய நிதிகள், சொத்து நிர்வாக நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள். வாங்கி விற்றதைக் கணக்கில் சேர்த்து, பட்டுவாடா முடித்து, ஃபண்டின் அன்றாட மதிப்பைக் கணக்கிடும் ஆபரேஷன்ஸ் வேலை மூன்றாவது. இடர் மேலாண்மை, விதி இணக்கம், கருவூலம், பட்ஜெட் என்று நிறுவனத்துக்குள்ளேயே நடப்பது நான்காவது.

இரண்டாவது வகைக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். இடங்கள் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். புதிதாக வந்தவர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும். சென்னையில் வெளிநாட்டு வங்கிகளின் பின்னலுவலகங்களில் ஃபண்ட் அக்கவுன்டிங், ரீகன்சிலியேஷன் (இரு தரப்புக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) பார்த்தவர்களுக்கு இது கைவந்த வேலை. ஆனால் அவர்களே ரெசுமேயில் அந்த அனுபவத்தை இரண்டு வரிக்குள் சுருக்கிவிட்டு, ‘இன்வெஸ்ட்மென்ட் அனலிஸ்ட்’ இடத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் கனடா அரசின் தொழில் வகைப்பாட்டில் ஒரு என்ஓசி எண் உண்டு. நிதி, முதலீட்டு ஆய்வாளர் 11101. நிதி ஆலோசகர் 11102. பங்குத் தரகர் 11103. மற்ற நிதி அலுவலர்கள் 11109. நிதி மேலாளர் 10010. இந்த எண்ணை அரசின் ஜாப் பேங்க் தளத்தில் இட்டால், அந்த வேலைக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் குறைந்த, நடுத்தர, உயர்ந்த மணிக்கூலி என்ன, வரும் மூன்று ஆண்டுகளில் வாய்ப்பு எப்படி என்று காட்டும். நகரங்களை ஒப்பிட இதைவிட நேர்மையான கருவி இல்லை.

நிரந்தர வசிப்புரிமைக்குக் (பிஆர்) காத்திருப்பவர்கள் இங்கே ஒரு பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கிளையில் கவுன்டரில் நின்று பணம் வாங்கிக் கொடுக்கும் வேலை என்ஓசி 64400. அது டியர் 4 (டியர் என்பது வேலைக்குத் தேவையான பயிற்சி, கல்வி, அனுபவத்தைப் பொறுத்த தரநிலை). அதே கிளையில் உள்ளே உட்கார்ந்து கணக்குத் திறப்பது, கடன் விண்ணப்பம் பார்ப்பது போன்ற நிதி விற்பனைப் பிரதிநிதி வேலை 63102; அது டியர் 3. கனடாவில் வேலை பார்த்தவர்கள் பிஆருக்கு விண்ணப்பிக்கும் கனடிய அனுபவப் பிரிவில் டியர் 0 முதல் 3 வரைதான் கணக்கு. கவுன்டரில் இரண்டு ஆண்டு நின்றாலும் அந்தப் பிரிவில் ஒரு நாள்கூடச் சேராது. உள்ளே நகர்ந்த நாளிலிருந்துதான் அந்தப் பிரிவுக்குத் தேவையான 1,560 மணி நேரம் எண்ணப்படும். பதவியின் பெயர் முக்கியமல்ல, செய்த பணிகள்தான் முக்கியம் என்பதால், வேலைக் கடிதத்தில் பணிகள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த பகுதிநேர வேலையும் இதில் சேராது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு, பிஆர் விண்ணப்பதாரர்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதல் புள்ளி தருவதை 2025 மார்ச் 25-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் புள்ளியைக் காட்டிக் கடிதம் விற்க வருகிறவரை நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்

டொராண்டோவில் எல்லாம் உண்டு. ஆர்பிசி, டிடி, ஸ்கோஷியாபேங்க், பிஎம்ஓ, சிஐபிசி ஆகிய ஐந்து பெரிய வங்கிகளின் நிர்வாகமும் நகரத்தின் நிதி மையமான பே தெருவைச் சுற்றித்தான். சன் லைஃப், மானுலைஃப் காப்பீட்டு நிறுவனங்கள், டொராண்டோ பங்குச் சந்தை, சிபிபி இன்வெஸ்ட்மென்ட்ஸ், ஒன்டாரியோ டீச்சர்ஸ், ஓமர்ஸ், ஹூப் என்ற நான்கு பெரிய ஓய்வூதிய நிதிகள் என எல்லாமே ஒரே ஊரில். இடங்கள் அதிகம், போட்டியும் அதற்கேற்ப. வேலை தேடும்போது ‘டொராண்டோ’ என்று மட்டும் வடிகட்டாதீர்கள். ஆபரேஷன்ஸ், தொழில்நுட்பம், இடர் பிரிவுகள் பல நகர மையத்தில் இல்லை. மிசிசாகா மெடோவேலில் ஆர்பிசிக்குப் பெரிய வளாகமே இருக்கிறது. மிசிசாகா, மார்க்கம், ஸ்கார்பரோ என்று தனித்தனியாகத் தேடினால்தான் அவை கண்ணில் படும். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் கிளைகளில் தமிழ் பேசத் தெரிவது உண்மையான பலம். ரெசுமேயின் மேல்பகுதியிலேயே ‘ஆங்கிலம், தமிழ் சரளம்’ என்று எழுதுங்கள். அடியில் பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டாம்.

டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வாட்டர்லூ இருக்கிறது. சன் லைஃப், மானுலைஃப் இரண்டுக்கும் அங்கே பெரிய அலுவலகங்கள். கூட்டுறவுக் காப்பீட்டு நிறுவனமான கோ-ஆபரேட்டர்ஸ் பக்கத்து ஊரான குவெல்ஃபில். பே தெருவையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

மான்ட்ரியல் வேறு உலகம். நேஷனல் பேங்க், தொழில்முனைவோருக்குக் கடன் தரும் அரசு வங்கியான பிடிசி, கெஸ் என்று அழைக்கப்படும் சிடிபிக்யூ ஓய்வூதிய நிதி, டெரிவேடிவ்ஸ் வணிகம் நடக்கும் மான்ட்ரியல் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் இங்கே. மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பார்க்கும் பிஎஸ்பி இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைமையகம் காகிதத்தில் ஒட்டாவா. ஆட்கள் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மான்ட்ரியலில். டெஜார்டின் கூட்டுறவின் தலைமையகம் கியூபெக் நகரத்துக்கு எதிரே லெவியில். கணக்கும் நிரலெழுத்தும் தெரிந்தவர்களுக்கு மான்ட்ரியல் நல்ல ஊர். பிரெஞ்சு இல்லாமல் உள்ளே நுழைய முடியுமா என்றால், தொழில்நுட்பம் சார்ந்த சில இடங்களில் முடியும். வாடிக்கையாளரைப் பார்க்கும் வேலையில் முடியாது. 2022-இல் வந்த கியூபெக்கின் மொழிச் சட்டமான 96-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியிருக்கிறது. 2025 ஜூன் முதல் 25 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள்கூடப் பிரெஞ்சுமயமாக்கல் நடைமுறைக்குள் வந்துவிட்டன. விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நேர்முகத்தில் பத்து நிமிடம் பிரெஞ்சில் பேசச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

கால்கரியில் நிதி என்றால் எண்ணெயும் எரிவாயுவும்தான். சன்கோர், செனோவஸ், என்பிரிட்ஜ், டிசி எனர்ஜி போன்ற நிறுவனங்களின் கருவூலம், பட்ஜெட், வணிக மதிப்பீட்டுப் பிரிவுகளில்தான் வேலைகள் அதிகம். நேர்முகத்தில் அமெரிக்கக் கச்சா எண்ணெயான டபிள்யூடிஐ விலைக்கும் மேற்குக் கனடாவின் கன எண்ணெயான டபிள்யூசிஎஸ் விலைக்கும் இடையே ஏன் வித்தியாசம் என்று கேட்டால் விழிக்கக் கூடாது: கன எண்ணெயின் தரம், குழாய் வழி இடநெருக்கடி இரண்டும் காரணம். விரிவாக்கப்பட்ட டிரான்ஸ் மவுன்டன் குழாய் 2024 மே 1-இல் ஓடத் தொடங்கியதோடு இதைச் சேர்த்துச் சொன்னால், பாடம் படித்தவர் என்ற நிலையிலிருந்து துறை தெரிந்தவர் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். எண்ணெய் இருப்பை வெளியிடுவதற்கான 51-101 விதியையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போகலாம். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது; சம்பளத்தை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள். எட்மண்டனில் மாகாண அரசின் முதலீட்டு நிறுவனமான ஏம்கோவும் ஏடிபி ஃபைனான்ஷியலும் இருக்கின்றன. அங்கேயே இருந்த கனடியன் வெஸ்டர்ன் பேங்கை 2025 பிப்ரவரியில் நேஷனல் பேங்க் வாங்கிவிட்டது. இப்படி இணைப்பு நடந்த இடத்தில் வேலை குறையும் என்றுதான் நினைப்போம். இணைப்பு வேலைகளுக்கென்றே ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பதும் உண்டு.

வான்கூவரில் சுரங்கம். 1999-இல் வான்கூவர், ஆல்பர்ட்டா பங்குச் சந்தைகள் இணைந்ததில் வேர்விட்டதுதான் இன்றைய டிஎஸ்எக்ஸ் வென்ச்சர் சந்தை. அதில் பட்டியலிடப்பட்ட சிறு சுரங்க நிறுவனங்கள் பலவற்றில் நிதிப் பிரிவு என்பதே இரண்டு மூன்று பேர். ஒரே நிதித் தலைவர் நான்கைந்து கம்பெனிகளைப் பகுதிநேரமாகப் பார்ப்பதும் சகஜம். பட்டியலிட்ட நிறுவனத்தின் காலாண்டு அறிக்கை தயாரிக்கத் தெரிந்த கணக்காளருக்கு இங்கே மதிப்பு அதிகம். சுரங்க இருப்பு பற்றிய 43-101 அறிக்கையை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1997-இல் இந்தோனேசியாவில் தங்கம் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றிய கால்கரியின் பிரி-எக்ஸ் மோசடி வெடித்த பிறகு வந்த விதி அது. சொத்து நிர்வாகத்தில் பிலிப்ஸ் ஹேகர் அண்ட் நார்த் (இப்போது ஆர்பிசியின் கையில்), கானர் கிளார்க் அண்ட் லன் ஆகியவை பெரிய பெயர்கள். கடன் கூட்டுறவுகளில் வான்சிட்டி, கோஸ்ட் கேப்பிட்டல். மாகாணத்தின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் பிசிஐ கடலுக்கு அந்தப் பக்கம் விக்டோரியாவில். படகில் தினமும் போய்வரும் தூரம் அல்ல.

ஒட்டாவாவில் தனியார் துறை சிறியது, அரசு பெரியது: பேங்க் ஆஃப் கனடா, நிதி அமைச்சகம், வங்கிகளைக் கண்காணிக்கும் ஆஸ்ஃபி, பணமோசடித் தடுப்பு அமைப்பான ஃபின்ட்ராக், ஏற்றுமதிக் கடன் தரும் ஈடிசி, வீட்டுக்கடன் காப்பீட்டுக்கு சிஎம்எச்சி. அரசுத் துறை வேலைகள் ஜிசி ஜாப்ஸ் தளத்தில் வரும். நிதிப் பணியாளர்களுக்கான வகுப்பு சிடி-ஃபின். மற்ற அமைப்புகளுக்குத் தனித்தனித் தளம். அரசு விண்ணப்பத்தில் பலர் விழுவது ஒரே இடத்தில்தான். ‘பட்ஜெட் தயாரித்த அனுபவம் உண்டா’ என்ற கேள்விக்கு ‘ரெசுமேயைப் பார்க்கவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு தொகைக்கு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக எழுதாத விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். குடிமக்களோடு நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் இப்போது முன்னுரிமை உண்டு. தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் இங்கே நேரத்தை அதிகம் செலவிட வேண்டாம்.

வின்னிபெக் காப்பீட்டு ஊர்: கனடா லைஃப், வாவனீசா, கூடவே ஐஜிஎம் ஃபைனான்ஷியல். ரெஜைனாவில் விவசாயக் கடன் தரும் ஃபார்ம் கிரெடிட் கனடா. ஹாலிஃபாக்ஸில் சிட்கோ போன்ற ஃபண்ட் நிர்வாக நிறுவனங்கள் ஹெட்ஜ் ஃபண்ட் கணக்குகளைப் பார்க்கின்றன. சென்னையில் என்ஏவி (ஃபண்டின் அன்றாட மதிப்பு) கணக்கிட்டவர்கள் முதலில் எட்டிப்பார்க்க வேண்டிய ஊர் இதுதான். இந்த மூன்று ஊர்களிலும் ‘எதற்காக இங்கே வருகிறீர்கள், ஓராண்டில் டொராண்டோவுக்குப் போய்விட மாட்டீர்களே’ என்ற கேள்வி நிச்சயம் வரும். உண்மையான பதிலோடு போங்கள்.

மூன்றாம் படி: உரிமம், ஆனால் தேவையானது மட்டும்

கனடாவுக்கென்று ஒரே பங்குச் சந்தை ஆணையம் இல்லை. ஒன்டாரியோவில் ஓஎஸ்சி, கியூபெக்கில் ஏஎம்எஃப், கால்கரியில் ஆல்பர்ட்டா ஆணையம், வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா ஆணையம் என்று மாகாணத்துக்கு ஒன்று. தரகு, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களை சைரோ கண்காணிக்கிறது. ஐஐஆர்ஓசி, எம்எஃப்டிஏ என்ற இரு பழைய அமைப்புகள் 2023 ஜனவரி 1-இல் இணைந்து உருவானது அது. பழைய பக்கங்களில் அந்த இரு பெயர்களைப் பார்த்தால், அந்தத் தகவலின் வயதைப் புரிந்துகொள்ளலாம்.

வயதான தகவலால் பணம் போகும் இடம் இதுதான். பல்லாண்டுகளாகப் பங்குத் தரகுப் பிரதிநிதி ஆவதற்குக் கனடியன் செக்யூரிட்டீஸ் கோர்ஸும் நடத்தை விதிகளுக்கான சிபிஎச் பரீட்சையும் எழுத வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் சைரோவின் சொந்தப் பரீட்சைகள் வந்துவிட்டன. அடிப்படைக்கு சிஐஆர்இ, சில்லறை வாடிக்கையாளர்களைப் பார்ப்பவருக்கு அதோடு ஆர்எஸ்இ. பழைய பாடத்தை முன்பே முடித்தவர்களுக்கு இடைக்கால விதிகள் உண்டு. நீங்கள் தேர்ச்சி பெற்ற தேதியை வைத்து சைரோ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘அந்த கோர்ஸை முடித்தால் வங்கி வேலை நிச்சயம்’ என்று இன்னமும் பழைய பாட்டையே பாடும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மியூச்சுவல் ஃபண்ட் மட்டும் விற்கும் வேலைக்கு, அதாவது பெரும்பாலான கிளை ஆலோசகர் வேலைக்கு, வழி வேறு: ஐஎஃப்எஸ்இ நடத்தும் கனடியன் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட்ஸ் கோர்ஸ் போதும். ஆயுள் காப்பீட்டுக்கு எல்எல்க்யூபி: ஆயுள் காப்பீடு, விபத்து-நோய்க் காப்பீடு, செக்ரிகேட்டட் ஃபண்டும் (காப்பீட்டு உத்தரவாதத்தோடு வரும் முதலீட்டு நிதி) ஆன்யுட்டியும் (தவணை வருமானத் திட்டம்), தொழில் நெறி என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் எடுக்க வேண்டும். கியூபெக்கில் நெறிப் பகுதி அங்குள்ள குடிமைச் சட்டப்படி தனியாக இருக்கும்.

பிறர் பணத்தை நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ மேலாளராகப் பதிவு பெறுவதற்கான 31-103 விதியில் கணக்கு தெளிவாக இருக்கிறது. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தகுதியான சிஎஃப்ஏ பட்டயம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் 12 மாத முதலீட்டு நிர்வாக அனுபவம். கனடாவின் முதலீட்டு நிர்வாகத் தகுதியான சிஐஎம் பட்டம் இருந்தால் 48 மாத அனுபவம், அதில் 12 மாதம் கடைசி 36 மாதங்களுக்குள். துணை நிலைப் பதிவுக்கு சிஎஃப்ஏ முதல் நிலையோடு 24 மாத அனுபவம் போதும். இந்த விதியின் கீழ் எழுதிய பரீட்சை 36 மாதம்தான் செல்லும். அதற்குள் பதிவோ தொடர்புடைய அனுபவமோ இல்லாவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான். எல்லா உரிமத்தையும் முன்கூட்டியே வாங்கி அலமாரியில் அடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

பரீட்சையில் தேறுவதும் பதிவு பெறுவதும் ஒன்றல்ல. பதிவுக்கு ஒரு நிறுவனம் உங்களை எடுத்து, தேசியப் பதிவுத் தளத்தில் உங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். தனி ஆளாக வாங்கிவைக்க முடியாது. ஆபரேஷன்ஸ், பட்ஜெட், இடர் பிரிவு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த உரிமமும் தேவையில்லை. பணமோசடித் தடுப்புப் பிரிவுக்குப் போவதானால் கேம்ஸ் சான்றிதழ் உதவும். 2024 அக்டோபரில் டிடி வங்கி அமெரிக்காவில் 300 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்த பிறகு, இந்தப் பிரிவை எந்த வங்கியும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. 2022 மார்ச் 28 முதல் ஒன்டாரியோவில் ‘ஃபைனான்ஷியல் பிளானர்’, ‘ஃபைனான்ஷியல் அட்வைசர்’ என்ற பெயர்களைப் போட்டுக்கொள்வதற்கே அங்கீகரிக்கப்பட்ட தகுதி வேண்டும். ஊரில் வைத்திருந்த பதவிப் பெயரை லிங்க்டுஇன் தலைப்பில் அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

நான்காம் படி: ரெசுமே

ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. படம், பிறந்த தேதி, திருமண நிலை, மதம், தகப்பனார் பெயர் எதுவும் கூடாது. தொகைகளை லட்சம், கோடியில் எழுதினால் இங்கே படிப்பவருக்குப் புரியாது. மில்லியனாக்கி, கனடிய டாலரிலும் சொல்லுங்கள். ‘அறிக்கைகள் தயாரித்தேன்’ என்பது காற்று. ‘தினமும் 14 ஃபண்டுகளின் என்ஏவியைக் காலை 9 மணிக்குள் முடித்து, 5 அடிப்படைப் புள்ளிக்கு (0.05 சதவீதம்) மேற்பட்ட வித்தியாசங்களை விசாரித்தேன்’ என்பது வேலை. உங்கள் எண்களைப் போடுங்கள். நேர்முகத்தில் அந்த எண்ணை விளக்க முடியாது என்றால் போடவே வேண்டாம்.

சிஎஃப்ஏ படிப்பவர்கள் பெயருக்குப் பின்னால் ‘சிஎஃப்ஏ லெவல் 2’ என்று பட்டம்போலப் போட்டுக்கொள்வது அந்த அமைப்பின் விதிக்கே விரோதம். ‘சிஎஃப்ஏ திட்டத்தின் இரண்டாம் நிலையில் தேர்ச்சி’ என்று கல்விப் பகுதியில் எழுதலாம். ஆள் எடுப்பவரும் பட்டயம் பெற்றவராக இருந்தால் இந்த ஒரு தவறே போதும், அடுத்த ரெசுமேக்குப் போய்விடுவார்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ரெசுமே முழுவதையும் திருத்த வேண்டியதில்லை. வேலை வகைக்கு ஒன்று என்று இரண்டு மூன்று வடிவம் வைத்துக்கொண்டு, மேல் ஐந்து வரியை மட்டும் அந்த விளம்பரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். விளம்பரத்தில் ‘ரீகன்சிலியேஷன்’ என்றிருந்தால் உங்கள் ரெசுமேயிலும் அதே சொல் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தேடும் இடமும் காலமும்

வங்கி, காப்பீடு, ஓய்வூதிய நிதி ஒவ்வொன்றின் சொந்தத் தளத்திலும் கணக்குத் திறந்து, புதிய வேலை வந்தால் அறிவிப்பு வரும்படி அமைத்துவிடுங்கள். லிங்க்டுஇன், இன்டீடில் பார்த்த விளம்பரத்துக்கும் நிறுவனத் தளத்தின் வழியே விண்ணப்பிப்பதுதான் நல்லது. மூடிப்போன விளம்பரங்கள் மற்ற இடங்களில் பல நாள் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிவந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்துப் போகும் விண்ணப்பத்தைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை.

கனடிய வங்கிகளின் நிதியாண்டு அக்டோபர் 31-இல் முடிகிறது. போனஸ் டிசம்பர் வாக்கில் கைக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு ஆட்கள் நகர, ஜனவரி முதல் மார்ச் வரை காலியிடங்கள் திறக்கும். ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பியில் பங்களிப்புக்கான கெடு ஆண்டின் முதல் 60 நாளில் வருவதால் கிளைகளிலும் அப்போதுதான் கூட்டம். செப்டம்பர், அக்டோபரில் பதிலே வரவில்லையென்றால் குறை உங்களிடம்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆண்டு முடியும் நேரத்தில் பட்ஜெட்டைப் பூட்டிவைப்பது வழக்கம். மாணவர்களுக்கு வேறு கணக்கு: முதலீட்டு வங்கிகளின் கோடைப் பயிற்சிக்கு ஆள் தேர்வு ஏறத்தாழ ஓராண்டு முன்பே தொடங்கிவிடும். ஜனவரியில் வந்து இறங்கி அந்தக் கோடைக்குத் தேடினால் வண்டி போயிருக்கும்.

ஒப்பந்த வேலையை ஒதுக்காதீர்கள். ஆறு மாதம், ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏஜென்சி வழியே நுழைந்து உள்ளிருந்தபடி நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிப்பது இந்த ஊர் வங்கிகளில் தேய்ந்த பாதை. டொராண்டோவில் ஏக்செஸ் எம்ப்ளாய்மென்ட், வழிகாட்டியை இணைத்துவிடும் ட்ரையெக், ஹாலிஃபாக்ஸில் ஐசான்ஸ், புதிதாக வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சியிடம் தேடித்தரும் கரியர் எட்ஜ் ஆகியவற்றில் பதிந்துகொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 நவம்பர் முதல் பொது விளம்பரத்தில் சம்பள வரம்பு கட்டாயம். ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கும் அதே கட்டாயம். ‘கனடிய அனுபவம் தேவை’ என்று விளம்பரத்தில் கேட்பதும் அங்கே கூடாது. நேர்முகத்துக்குப் போய்வந்தவருக்கு 45 நாட்களுக்குள் முடிவு பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டம் விளம்பரத்தை மாற்றும், ஆள் எடுப்பவர் மனத்தை உடனே மாற்றாது. அதனால் உள்ளூர்ச் சொற்களை நீங்கள் கற்றுக்கொண்டு போவதே பாதுகாப்பு.

காபி சாட் எனப்படும் இருபது நிமிடச் சந்திப்பு இந்த ஊரில் வேலை தேடலின் பாதி. நீங்கள் விரும்பும் அதே வேலையில் இரண்டு முதல் ஐந்து ஆண்டு இருப்பவரைத் தேடி, நான்கு வரிக்குள் செய்தி அனுப்புங்கள்: நீங்கள் யார், அவரைத் தேர்ந்த காரணம், இருபது நிமிடம் கிடைக்குமா. முதல் செய்தியிலேயே ‘வேலை வாங்கித் தாருங்கள் அண்ணா’ என்று எழுதினால், தமிழராக இருந்தாலும் பதில் வராது. சந்தித்தபின், ‘இந்தப் பிரிவில் இப்போது எந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை?’ என்று கேளுங்கள். அந்தப் பதில் பத்து விளம்பரத்துக்குச் சமம்.

ஆறாம் படி: நேர்முகம்

கிளை வேலைக்குக் கணக்கு வகைகளில் தடுமாறக் கூடாது. வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏயில் 2026-க்கு 7,000 டாலர் வரை போடலாம். முதல் வீட்டுக்கான எஃப்எச்எஸ்ஏயில் ஆண்டுக்கு 8,000, ஆயுளுக்கு 40,000. பிள்ளைகளின் படிப்புக்கான ஆர்ஈஎஸ்பியில் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை போட்டால் அரசு 20 சதவீதம், அதாவது 500 டாலர் சேர்க்கும். வைப்புக் காப்பீடு ஒவ்வொரு வகைக்கும் 1,00,000. ஆனால் தேர்வு அங்கே நடப்பதில்லை. ‘வாடிக்கையாளரிடம் 5,000 டாலர் இருக்கிறது, கடன் அட்டையில் 20 சதவீத வட்டியில் 6,000 பாக்கி, மியூச்சுவல் ஃபண்ட் வாங்க வந்திருக்கிறார், என்ன செய்வீர்கள்?’ என்பதுபோல வரும். விற்பனை இலக்கை நினைத்து ஃபண்டை விற்றுவிட்டேன் என்றால் அங்கேயே முடிந்தது. முதலில் கடன், பிறகு அவசரச் செலவுக்கான இருப்பு, அதன் பிறகே முதலீடு; அதை ஏன் சொன்னேன் என்று குறிப்பும் எழுதிவைப்பேன் என்று முடியுங்கள். பொருத்தப்பாடு என்ற விதியை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

ஆபரேஷன்ஸ் வேலைக்கு, 2024 மே 27 முதல் பட்டுவாடா ஒரே நாளாகச் சுருங்கியதைக் கேட்பார்கள். தேதி சொன்னால் போதாது. ஆசியாவில் இருக்கும் வாடிக்கையாளர் டாலர் வாங்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடுவது, கடன் கொடுத்த பங்கைத் திரும்பப் பெறும் அவகாசம் குறைந்தது, எங்கே பிழை வரும் என்று சொல்ல வேண்டும். கருவூலத்தில் வட்டி அடிப்படை சிடோரிலிருந்து கோராவுக்கு 2024 ஜூன் இறுதியில் மாறியதைத் தெரிந்துவைத்திருங்கள். கணிப்பு மாதிரிகளின் (மாடல்) இடரைப் பார்க்கும் பிரிவுக்கு, 2027 மே 1-இல் நடைமுறைக்கு வரும் ஆஸ்ஃபியின் ஈ-23 வழிகாட்டுதல். பணமோசடித் தடுப்பில், 24 மணி நேரத்துக்குள் 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கம் வந்தால் 15 நாளுக்குள் ஃபின்ட்ராக்குக்கு அறிக்கை. 9,500 டாலராக உடைத்துக் கட்டினால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி.

கமிஷன் வேலை என்னும் கண்ணி

விண்ணப்பிக்காத இடத்திலிருந்து ‘உங்கள் ரெசுமே பார்த்தோம், நிதித்துறையில் மேலாளர் வாய்ப்பு’ என்று அழைப்பு வரும். ஓட்டல் அறையில் ஒரு கூட்டம், நல்ல கோட்டு போட்ட நம்மூர்க்காரர் ஒருவர். அடிப்படைச் சம்பளம் இருக்காது, உரிமச் செலவு உங்களுடையது, உறவினர் நண்பர் நூறு பேரின் பட்டியல் எழுதச் சொல்வார்கள், ஆள் சேர்த்தால் அவர்கள் கமிஷனிலும் பங்கு என்பார்கள். சட்டப்படி இது குற்றம் ஆகிவிடாது. சிலர் இதில் நன்றாகவும் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அது விற்பனைத் தொழில், ஆய்வாளர் வேலைக்கான படிக்கட்டு அல்ல. சேர்வதற்கு முன் ஒப்பந்தத்தில் ஒன்றைப் பாருங்கள்: பாலிசி ஓரிரு ஆண்டில் நின்றுபோனால் வாங்கிய கமிஷனைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் விற்ற பாலிசி நின்றால் பணமும் போகும், உறவும் போகும்.

உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் பணம் வாங்கி வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்வது எந்த நிறுவனத்திலும் வேலை அல்ல. பணமோசடிக்கு உங்களைச் சுமை தூக்கும் கழுதையாக்குவது. ஒருமுறை சிக்கினால் வங்கித் துறைக் கதவு சாத்தப்படும்.

ஏழாம் படி: வேலை உறுதியான பிறகு

கடிதம் கையில் வந்ததும் பழைய வேலையை விட்டுவிடாதீர்கள். வங்கிகள் குற்றப் பின்னணி, கடன் வரலாறு, கடந்த ஐந்து ஆண்டு போன்ற ஒரு காலத்துக்கான வேலை, முகவரி எல்லாவற்றையும் சரிபார்க்கும். ஊரில் மூடிப்போன கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் இங்கேதான் வாரக்கணக்கில் இழுக்கும். சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், முன்னாள் மேலாளரின் தொடர்பு ஆகியவற்றைப் புறப்படும் முன்பே சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். ரெசுமேயில் ‘2021–2023’ என்று எழுதி, உண்மையில் இடையே நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் இங்கே வெளிவரும். தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் சமூகக் காப்பீட்டு எண் 9-இல் தொடங்கும், அதற்கு முடிவுத் தேதியும் உண்டு. வேலை அனுமதியைப் புதுப்பித்ததும் இந்த எண்ணையும் புதுப்பிக்க மறப்பவர்கள் பலர்.

பதிவு தேவைப்படும் வேலையானால், 33-109எஃப்4 என்ற நீண்ட படிவம் வரும். பழைய கடன் தீர்வு, திவால், நீதிமன்ற வழக்கு எல்லாம் அதில் கேட்கப்படும். பழைய கடன் இருந்ததால் மட்டும் பதிவு மறுக்கப்படுவது அரிது; அதை மறைத்ததால் மறுக்கப்படுவது சாதாரணம். வெளியே செய்யும் தொழில்களும் அதில் வரும். வார இறுதியில் ஊர்க்காரர்களுக்கு வருமான வரி போட்டுக் கொடுப்பது, வீட்டு விற்பனை உரிமம் வைத்திருப்பது, சீட்டு பிடிப்பது ஆகியவை நமக்குச் சாதாரணம். வாடிக்கையாளரின் நலனோடு மோதக்கூடிய வேலைகளாக நிறுவனம் அவற்றைப் பார்க்கும். சேர்ந்தபின் தெரியவந்தால் விளக்கம் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் சொல்லி, எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.